சாமி தலைக்கு மேலே போகாத குழாய்

அதை எடுக்காதீங்க தம்பி. கையில வெச்சிருக்கீங்களே, அந்தச் சின்னதைத்தான் சொல்றேன். கடைக்காரரு குடோனுக்குப் போயிருக்காரு, வர்றதுக்கு நேரமாகும். அவரு இருந்தா என்னையப் பேச உடமாட்டாரு. அவருக்கு எதை வித்தாலும் யாவாரந்தான். இப்பிடி இந்த ஸ்டூல்ல ஒக்காருங்க. நானும் அவருக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கறேன்.

புது ஊடுங்களா? அடுப்படிச் சிம்னிக்குங்களா? சரி சரி. இந்தப் பட்டைக் குழாய் பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். வெள்ளை வெளேர்னு, வழவழன்னு, தளத்தோட ஒட்டிக்கிட்டு, கீழ ஒரு அட்டை அடிச்சுட்டா ஊட்டுக்குள்ள குழாய் ஓடுதுன்னே தெரியாது. அந்த அழகுலதாங்க ஏமாந்து போறோம். சிம்னியோட வாயப் பாத்திருக்கீங்கள்ல, வட்டமா, ரெண்டு கையும் சேத்துப் புடிக்கற அளவு. அதுல வர்ற பொகை பூராவும் இந்த ரெண்டு விரல் ஒசரத்துக்குள்ள நொழைஞ்சு போகோணும். எப்பிடிப் போகும்? போகாது. திரும்பி ஊட்டுக்குள்ளதான் வரும். எடுத்தா அதா, மேல அடுக்கி வெச்சிருக்கறாரே, அந்தப் பெருசை எடுங்க. பாக்கறதுக்குக் கொஞ்சம் துருத்திக்கிட்டுத்தான் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்.

அப்பறம் வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் காத்து கொஞ்சம் கொஞ்சமாச் செத்துப் போகுது. ரெண்டுக்கு மேல வெக்காதீங்க. சுருங்கி விரியற வெள்ளிக் குழாய் ஒண்ணு குடுப்பாரு, லேசுல வேலை முடியும்பாரு, வாங்கிப்போடாதீங்க. மடிப்புல எண்ணெய் புடிச்சு நாறிப்போகும். சேர்ற எடத்துல டேப்பு ஒட்டாதீங்க, சிலிகான் போடச் சொல்லுங்க. வெளிய பாத்து லேசா வாட்டம் குடுக்கோணும். இல்லீன்னா உள்ள படியற எண்ணெய் திரும்பி உங்க தலையிலயே சொட்டும். கடைசீல, வெளிச் செவுத்துல ஒரு மூடி வரும் பாருங்க. காத்து போறப்பத் தொறந்துக்கும், நின்னா மூடிக்கும். அது பூப்போல ஆடோணும். விரல்ல தட்டிப் பாத்து வாங்குங்க.

எப்பிடி இத்தனை தெரியும்னு பாக்கறீங்களா? பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதாங்க, வேறென்ன.

நான் திருச்செங்கோடுங்க. பேரு அர்த்தநாரி. போர்வெல் வண்டி வெச்சிருந்தவன். சொந்த வண்டி. ஒடிசா, சத்தீஸ்கர், ராஜஸ்தான்னு வருசத்துல பாதி வடக்கதான் போகும். பூமிக்குள்ள ஆயரம் அடிக்குக் காத்தை அனுப்பி, கல்லையும் மண்ணையும் மேல ஊதித் தள்ளுனவன். காத்தைப் பத்தி எனக்கு இன்னொருத்தன் சொல்லோணுமான்னு ஒரு இது இருந்துச்சு. ஃபிட்டர் வந்து அளந்து பாத்துட்டு, 'அண்ணா, நாப்பது அடி ஓடுது, அஞ்சு வளைவு வருது, இந்தச் சிம்னி மோட்டாரு தள்ளாதுங்'ன்னான். 'ஏப்பா, ஆயரம் அடிக்குக் காத்து அனுப்புனவன்கிட்ட வந்து நாப்பது அடிக்குக் கணக்குச் சொல்றியா'ன்னேன். சிரிச்சுப்போட்டு வேலையப் பாக்க ஆரமிச்சுட்டான். அவன் இன்னும் ரெண்டு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கோணுமா இல்லீங்களா? சொல்லலை. அந்தத் தப்பு அவன் மேலதான்.

நாப்பது அடி எதுக்குன்னு கேக்கறீங்க. எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க.

எங்கூடு எங்கப்பன் கட்டுனதுங்க. வடக்குப் பாத்த வாசல். அப்பன் போனதுக்கு அப்பறம் நானும் என்ற தம்பி செங்கோடனும் ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கிட்டோம். மேக்கால பாதி எனக்கு, கெழக்கால பாதி அவனுக்கு. முன்னால ரெண்டு ஊட்டுக்கும் ஒரே செவுரு. பின்னால அவன் பாகத்துல கட்டடம் இல்லை, பொடக்காலிதான். வேப்பமரம், தொவைக்கற கல்லு, நல்ல வெட்டவெளி. என்ற அடுப்படி அக்கினி மூலையில, அந்தப் பொடக்காலிய ஒட்டி இருக்குது. எனக்குப் பின்பக்கம் அரிசி மில்லுக்காரர் செவுரு. மேக்கால கல்யாண மண்டபத்துச் செவுரு. மேல வாடகைக்கு உட்ட மாடி. ஆக, பொகை வெளிய போறதுன்னா ஒரே வழிதான், பொடக்காலிப் பக்கம் ஒரு ஓட்டை. செவுத்தைத் தாண்டுனா ஆகாசம். ஒரு முழம் குழாய்கூட வேண்டாம்.

ஆனா அது அவன் பொடக்காலியாச்சே. அவன்கூட எனக்குப் பேச்சு இல்லீங்க.

எதுக்குன்னு கேளுங்க. நாயம் எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லுவீங்க. அவன் பாகத்தை இடிச்சுப் புதுசாக் கட்டிப் புண்ணியார்ச்சனை வெச்சான். பத்திரிக்கை வெக்க எங்கூட்டுக்கு வந்திருக்கறான். நான் அன்னைக்குச் சங்ககிரிப் பட்டறையில வண்டி வேலையா நிக்கறேன். சித்த நேரம் ஒக்காந்திருந்தான்னா நான் வந்திருப்பேன். இல்லை, மறுநாள் வந்திருக்கலாம். என்ன பண்ணுனான்னா, தாம்பாளத்தை எங்கூட்டுக்காரி மரகதம் கையில குடுத்துப்போட்டு, 'அண்ணன்கிட்டச் சொல்லீருங்க'ன்னு போயிட்டான். பொம்பள கையில. அப்பன் போனதுக்கு அப்பறம் அவனுக்கு அப்பன் எடத்துல இருக்கறவன் நான். என்ற கையில குடுக்காதது ஒரு அழைப்புங்களா?

'என்ற கையில வாங்குனா நீங்க வாங்குன மாதிரிதானுங் மாமா'ன்னா மரகதம். அவளுக்கு என்ன தெரியும். நான் போகலை. அவளையும் போக உடலை. செவுத்துக்கு அந்தப் பக்கம் மேளம் அடிக்கறாங்க, பந்தி பரிமார்ற சத்தம் கேக்குது, நாங்க ரெண்டு பேரும் இந்தப் பக்கம் டீவி பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தோம். அவ பாக்கலைன்னு வெச்சுக்கங்க. கண்ணு மட்டும் டீவியில இருந்துச்சு.

அடுப்படியில ஒரு ஜன்னல் இருந்துச்சுங்க, பொடக்காலியப் பாத்து. அதை அடைச்சுப்போட்டேன். அது வேற விசயம், குழாய்க்கும் அதுக்கும் சம்மந்தம் இல்லை. இருந்தாலும் கேட்டதுக்குச் சொல்றேன். நாங்க ஆம்பளைக ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறோம், இந்த ஜன்னல் வழியா என்னடான்னா கொழம்புக் கிண்ணம் போகுது, வருது. தம்பி பொண்டாட்டி பாக்கியம் அந்தப் பக்கம் தொவைக்கற கல்லுல நின்னுக்கிட்டு, இவ இந்தப் பக்கம் அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டு, ஒரே பேச்சும் சிரிப்பும். நான் வடக்க போயிருக்கறப்ப எல்லாம் இது நடந்திருக்குது. எனக்கு என்ன மருவாதை இருக்கும் சொல்லுங்க. கொத்தனாரைக் கூட்டியாந்து செங்கல்லு வெச்சுப் பூசிட்டேன். மரகதம் பூச்சு காயற வரைக்கும் அந்த ஈரச் செவுத்தைப் பாத்துக்கிட்டே சமைச்சா. அவ்வளவுதான்.

அதனாலதான் மரகதத்துக்கு இருமல் வந்துச்சுன்னு என்ற பொண்ணு சொல்றா. இல்லீங்க. இருமல் வந்தது அதுக்கு அடுத்த வருசம்.

மொதல்ல சளின்னு நினைச்சோம். கஷாயம் வெச்சுக் குடிச்சா. போகலை. தாளிக்கறப்ப ஆரமிச்சா, சோறு போட்டு முடிக்கற வரைக்கும் இருமுவா. நெஞ்சுக்குள்ள சீட்டி அடிக்கற மாதிரி ஒரு சத்தம். ஈரோட்டுல ஒரு டாக்டரைப் பாத்தோம். 'இழுப்பும்மா. பொகை ஆகவே ஆகாது. அடுப்படியில காத்தோட்டம் இருக்குதா, ஜன்னல் எந்தப் பக்கம்'னு கேட்டாரு. நான் முந்திக்கிட்டு, 'இருக்குதுங் டாக்டர்'ன்னேன். அவருகிட்டப் போயி நம்ம ஊட்டுக் கதைய எதுக்கு அவுத்து உடறது? மரகதம் என்னையப் பாத்தா. அப்பறம் அவ கையப் பாத்துக்கிட்டு இருந்தா.

நான் பாசமில்லாதவன் இல்லீங்க. அன்னைக்கே, ஆஸ்பத்திரியில இருந்து நேராப் போயி, இருக்கறதுலயே ஒசந்த சிம்னி வாங்கிட்டேன். பஸ்ஸுல அந்தப் பொட்டிய மடியில வெச்சுக்கிட்டு வந்தா அவ. 'எதுக்குங் மாமா இத்தனை செலவு'ன்னா. சந்தோசந்தான் அவளுக்கு. எனக்குத் தெரியாதா.

சிம்னி வந்துருச்சு, குழாய் எப்பிடிப் போகுங்கற பேச்சு வருது. ஒருநாள் சோறு போட்டுக்கிட்டே மெதுவாச் சொல்றா.

'ஏனுங் மாமா, பொடக்காலிப் பக்கம் ஒரு ஓட்டை போட்டாப் போதும்னு ஃபிட்டர் சொல்றானுங்களே.'

'அவன் சொல்லுவான்.'

'பாக்கியம் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாளுங்.'

'நீ அவகிட்டப் போயிக் கேட்டியா?'

'நான் கேக்கலீங்க. கோயில்ல பாத்தப்ப அவளாத்தான் சொன்னா. உன்ற இருமல் எங்கூடு வரைக்கும் கேக்குதக்கா, ஓட்டை போட்டுக்கங்க, எங்கூட்டுக்காரரு ஒண்ணும் சொல்லமாட்டாருன்னு.'

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஒண்ணும் சொல்லமாட்டாராமா. சொல்லோணுமே. அவன் வந்து என்ற மூஞ்சியப் பாத்து, 'அண்ணா, போட்டுக்க'ன்னு சொல்லோணும். பொண்டாட்டிகிட்டச் சொல்லி, அவ கோயில்ல இவகிட்டச் சொல்லி, இவ சோத்துக்கு நடுவுல என்கிட்டச் சொன்னா அதுக்குப் பேரு சம்மதமா? பாதிச் சோத்துல கையக் கழுவிட்டு எந்திரிச்சுட்டேன். அதுக்கு அப்பறம் அவ அந்தப் பேச்சையே எடுக்கலை. நல்ல பொம்பளைங்க. சொன்னாக் கேட்டுக்குவா.

அதனால தெருப்பக்கந்தான் போகோணும்னு ஆயிருச்சு. அடுப்படி பின்னால, தெரு முன்னால. நேரா வடக்க போனா ஈசானி மூலையில சாமி ரூம்பு. கறிக்கொழம்பு, கருவாட்டுப் பொகை எல்லாம் சாமி தலைக்கு மேல போலாமுங்களா? 'மூடுன குழாய்தானுங்ணா, சாமிக்கு என்ன தெரியப் போகுது'ன்னான் ஃபிட்டர். அவன் ஊட்ல சாமி கும்புடுவாங்களோ என்னமோ. சாமியச் சுத்திக்கிட்டுப் போகச் சொன்னேன். அங்க ரெண்டு வளைவு சேந்துச்சு. ஹால்ல ஏற்கெனவே பொண்ணு கல்யாணத்துக்குப் போட்ட ஜிப்சம் சீலிங்கு. பெரிய குழாய் போட்டா அதை எறக்கோணும், எறக்குனா ஃபேன் தலைக்கு வந்துரும். அதனால, இப்ப உங்க கையில இருக்குது பாருங்க, அதே சின்னது. அங்கதாங்க தப்புப் பண்ணிட்டேன். சைஸுல.

வாசப்படிக்கு மேல, நெத்தி மாதிரி எடத்துல ஓட்டை போட்டு மூடி மாட்டுனோம். ஒறம்பரை வந்தா செருப்புக் கழட்டறதுக்குள்ளயே, 'என்ன, கத்திரிக்காயா'ம்பாங்க. சிரிச்சுக்குவோம். 'உங்க ஊட்டுக்கு மட்டும் கதவு தட்டவே வேண்டாம், மோந்து பாத்தாப் போதும்'னு மண்டபத்து வாட்ச்மேன் கேலி பண்ணுவாரு. மரகதம்கூடச் சிரிப்பா. சிரிச்சா இருமல் வந்துரும், அதனால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா.

ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்துச்சு. நல்லாத்தான் இருக்குதுன்னு அவதான் சொன்னா. அப்பறம் ஹால்ல சீலிங்குல மஞ்சளா ஒரு கறை. எண்ணெய் எறங்குது. சிலிகான் போட்டோம். இன்னொரு எடத்துல எறங்குது. குழாய்க்கு நடுவுல ஒரு ஃபேனு வெச்சுப் பாத்தேன், காத்தை இழுத்துத் தள்ளட்டும்னு. சத்தம் எப்பிடீங்கறீங்க, போர் வண்டியவே ஊட்டுக்குள்ள நிறுத்துன மாதிரி. ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காது. நான் ஏணி போட்டு ஏறி எறங்கி, அதக் கழட்டி இத மாட்டி, நாள் பூரா அதே வேலை. அவளுக்காகத்தானுங்க. வேற எந்தப் புருசன் அத்தனை பாடுபடுவான்?

அவ என்ன பண்ணுவா, முந்தானைய மூக்கோட சேத்துக் கட்டிக்கிட்டு சமைப்பா. நடுவுல கொஞ்ச நாள் தாளிக்கறதையே உட்டுட்டா. கொழம்புல கடுகு இல்லை, மொளகா இல்லை, பச்சைத் தண்ணியாட்ட இருக்குது. எனக்கு எறங்கலை. நான் திட்டலீங்க, 'என்ன மரகதம், ஆஸ்பத்திரிச் சோறா'ன்னு சும்மா ஒரு வார்த்தை சொன்னேன். மறுநாள்ல இருந்து தாளிச்சுட்டா. சொன்னாக் கேட்டுக்குவான்னு சொன்னேன்ல.

அவரு இன்னும் வரலையே. குடோன் எங்க, பவானியிலயா இருக்குது? இருங்க, சொல்லி முடிச்சர்றேன்.

தீவாளிக்கு முந்தின நாளுங்க. பகல். பொண்ணு கோகிலவாணி பெங்களூர்ல இருந்து வர்றா, பேத்தி தாரிகா வர்றா. அமுச்சி சுட்ட முறுக்குதான் வேணும்னு போன்ல சொல்லியிருந்திருக்கறா அந்தப் புள்ளை. மரகதம் எண்ணெய்ச் சட்டி வெச்சுட்டா. நான் அன்னைக்குத்தான் புது மோட்டாரு மாத்தியிருந்தேன். அதைப் போட்டு உட்டுட்டு, தெருவுல போய் நின்னு மேல பாத்துக்கிட்டு இருக்கறேன், மூடி ஆடுதா, பொகை வருதான்னு. மொதல்ல ஒண்ணும் இல்லை. அப்பறம் மூடி லேசா ஆடுச்சு. மெல்லிசா, வெள்ளையா வந்துச்சு பாருங்க பொகை. எத்தனை நாள் பாடுங்க அது. 'மரகதம், வருது! வருது!'ன்னு தெருவுல நின்னு சத்தம் போடறேன். சின்னப் பையனாட்டக் கத்தறேன். அத்தனை சந்தோசம் எனக்கு.

அப்பத்தான் பாக்கியம் அவ ஊட்டுக்குள்ள இருந்து ஓடியாறா. கை பூரா மாவு. என்னையத் தள்ளிப்போட்டு எங்கூட்டுக்குள்ள போறா. பேச்சு நின்னதுல இருந்து எங்கூட்டுப் படி ஏறாதவ. யாரைக் கேட்டு வந்தேன்னு நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, உள்ள இருந்து அவ 'அக்கா'ன்னு கத்துனா.

அடைச்ச செவுத்துல சாஞ்சு ஒக்காந்திருந்தாங்க மரகதம். கண்ணு தொறந்திருந்துச்சு. மூச்சு உள்ள போக மாட்டீங்குது, வெளிய வர மாட்டீங்குது. ஒதடு நீலமாப் போயிருந்துச்சு. மோட்டாரு மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

தம்பி கார்லதான் கொண்டுட்டுப் போனோம். பின்னால பாக்கியம் மடியில இவ. முன்னால நானும் அவனும். அவன் அழுதுக்கிட்டே ஓட்டறான். அப்பவும் நாங்க ரெண்டு பேரும் பேசிக்கலை. ஆஸ்பத்திரி வாசல் போறதுக்கு முன்னாலயே பாக்கியம் சொல்லிட்டா, 'வண்டிய நிறுத்துங்க, இனி எதுக்கு'ன்னு.

நான் அங்க அழுகலைங்க. ஊட்டுக்கு வந்து பாத்தேன். ஒரு தட்டுல சுட்ட முறுக்கு, கொஞ்சம். துணியில புழிஞ்சு வெச்ச முறுக்கு, சட்டியில போடாதது, வரிசையா. அதுல ஒண்ணு சின்னதா, காது மாதிரி, பேத்திக்குன்னு தனியாப் புழிஞ்சிருக்கறா. அதைப் பாத்துட்டுத்தான் அழுதேன். என்னால நிறுத்தவே முடியலைங்க. இப்பவும் பாருங்க. ஒண்ணுமில்லை, உடுங்க.

அப்பறம் பாக்கியத்தை எல்லாரும் கேட்டாங்க, உனக்கு எப்பிடித் தெரிஞ்சுதுன்னு. 'இருமல் நின்னு போச்சு, அதான் ஓடியாந்தேன்'னா. தெனமும் இவ இருமறதைக் கேட்டுக்கிட்டேதான் அங்க வேலை செய்வாளாமா. அந்தச் சத்தம் நின்னதும் பயந்துட்டாளாமா. நான் ஊட்டு வாசல்லயே நிக்கறேன், எனக்குக் கேக்கலை. மோட்டாருச் சத்தம் அப்பிடி. அது என்ன வழக்கமோ, அடுத்தவங்க ஊட்டுல யாரு இருமறாங்கன்னு காது குடுத்துக்கிட்டு இருக்கறது. ஆனா ஒண்ணு, மடியில வெச்சுக்கிட்டு வந்தவ அவதான். அதை இல்லைன்னு சொல்லமாட்டேன்.

பங்காளி ஊடுங்கறதால தீட்டு அவனுக்கும் உண்டு. அவன் ஊட்லயும் அடுப்புப் பத்த வெக்கலை. சம்மந்தி ஊட்டுல இருந்து சோறு வந்துச்சு. ஒரே பந்தியில பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து தின்னோம். காரியத்தன்னைக்கு அவன் எங்க அடுப்படிக்கு வந்து நின்னுக்கிட்டு, அந்தச் செவுத்தையே பாத்துக்கிட்டு இருந்தான். அப்பறம் வாயத் தொறந்தான். 'அண்ணா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா நானே கடப்பாரைய எடுத்து ஒடச்சு உட்டிருப்பேனே.'

'நீ வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே'ன்னேன் நான்.

அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டான்.

இப்ப எதுக்குங்க குழாய்னு கேப்பீங்க. நாயந்தான். அடுப்பே பத்த வெக்கறதில்லை நான். காத்தால டீயில இருந்து எல்லாம் கடைதான். ஊட்டுக்குள்ள பொகைங்கறதே இல்லை. ஆனா வருச திதிக்குச் சமையக்காரங்களை உட்டுச் செஞ்சோம். அன்னைக்குக் குழாய் பூராத்தையும் கக்கிருச்சு, ஹால் பூரா பொகை. பேத்திக்கு அமுச்சியோட அதே நெஞ்சு. இருமி இருமி மூஞ்சி செவந்து போச்சு. கோகிலா அவளைத் தூக்கிக்கிட்டு நேரா பக்கத்தூட்டுக்குப் போயிட்டா. அதுல இருந்து எங்கூட்டுக்குள்ள அந்தப் புள்ளைய உடறதில்லை.

முழுப்பரீட்சை லீவுக்கு வந்திருக்கறாங்க இப்ப. எங்கூட்டுக்கு இல்லீங்க. பக்கத்தூட்டுக்கு, சித்தப்பன் ஊட்டுக்கு. கோகிலா மட்டும் வாசப்படியில வந்து நின்னு, 'சாப்டீங்களாப்பா'ன்னு கேட்டுட்டுப் போவா. நான் சொன்னேன், 'குழாய்தான கண்ணு, மாத்திர்றேன். பெருசாப் போட்டர்றேன், சீலிங்கே போனாலும் போகுது.'

'குழாய் வேண்டாமுங்ப்பா'ன்னா. 'பொகைக்காக வராம இல்லைப்பா. உள்ள வந்தா எனக்கு அம்மா இருமறது கேக்குது. அந்த ஜன்னலைத் தொறந்து உடுங்க. அது ஒண்ணை மட்டும் செய்யுங்க. அன்னைக்கே தாரிகாவக் கூட்டிக்கிட்டு வர்றேன்.'

'ஜன்னலைத் தொறந்தா நான் எறங்கிப் போன மாதிரி ஆயிருமே கண்ணு. அவன் ஒரு வார்த்தை வந்து சொல்லட்டும், அன்னைக்கே தொறக்கறேன்.'

அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அழுவாளோன்னு நினைச்சேன். அழுகலை. 'சரிங்ப்பா'ன்னுட்டுப் போயிட்டா. சின்னப் புள்ளைக, அதுகளுக்கு இதெல்லாம் புரியாது. இருமறது கேக்குதாமா. போனவங்க இருமுவாங்களா? பழைய குழாயில எண்ணெய் வாசம் நிக்குது, அதைத்தான் அப்பிடிச் சொல்றா.

நேத்து மத்தியானம் சும்மா அடுப்படியில போய் ஒக்காந்திருந்தேனுங்க. பொடக்காலியில தாரிகா வெளையாடறா. செங்கல்லு வெச்சுப் பூசுனாலும் லேசாச் சத்தம் வரத்தான் செய்யுது. ஓடறா, சிரிக்கறா. அவ இருமறாளான்னுதான் கேட்டுக்கிட்டு இருந்தேன். இருமலை. பாக்கியம் என்னத்தையோ வறுக்கறா, கரண்டிச் சத்தம் கேக்குது. அப்பவும் அந்தப் புள்ளை ஒருக்கா கூட இருமலை. அவங்க எண்ணெய் கம்மியா ஊத்துவாங்களாட்ட இருக்குது.

சித்த நேரத்துல, 'அப்புச்சி'ன்னு கூப்புட்டா. தாத்தனை அவ அப்பிடித்தான் கூப்புடுவா. நான் படக்குனு செவுத்துக்கிட்டப் போயி, 'என்ன கண்ணு, இங்கதான் இருக்கறேன்'னேன். அதே நேரத்துல அந்தப் பக்கம் செங்கோடனும் 'என்ன கண்ணு'ன்னான். அவளுக்கு அவன் சொன்னதுதான் கேட்டுது. அவன்கிட்ட ஓடிட்டா. அவ ஓடற சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுச்சுங்க.

அதான் காத்தால எந்திரிச்சதும் பஸ் ஏறி வந்துட்டேன். லீவு முடியறதுக்குள்ள போட்டுரோணும். இந்தத் தடவை பெருசு. வளைவுகூட ஒண்ணு கொறைக்கலாம்னு பாக்கறேன். நீங்க படிச்சவங்களாட்டத் தெரியறீங்க தம்பி. சொல்லுங்க. இந்தப் பெருசைப் போட்டா அவ வந்துருவாளுங்கள்ல?